மூடியைச் சாய்த்தால் திரை போகிறதா? லேப்டாப் டிஸ்பிளே கேபிளை வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

போன ஆனியில் சாரல் பிடித்திருந்த நேரம், தென்காசியில் இருந்து அக்கா மகன் பாளையங்கோட்டைக்கு வந்தான். பையை இறக்கி வைத்த கையோடு லேப்டாப்பை எடுத்து என் முன்னால் திறந்தான்.

"மாமா, இந்தா இம்புட்டு சாய்ச்சா படம் தெரியுது. இதுக்கு மேல போனா போயிருது. கடையில காட்டினேன். டிஸ்பிளே போயிட்டு, ஆறாயிரம் ஆவும்னு சொல்லுதாவ."

மூடியைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். நேராக நிமிர்ந்து நிற்கும் வரை படம் பளிச்சென்று இருந்தது. அதைத் தாண்டியதும் பச்சையாக நாலைந்து கோடுகள் ஓடின, திரை நடுங்கியது, இருண்டுவிட்டது. திரும்ப முன்னால் இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி படம் வந்து நிற்கிறது. கெட்டுப்போன பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, இப்படிக் கோணம் பார்த்து வேலை செய்யாது.

"ஏல, பேனலு நல்லாத்தான் இருக்கு. இது கேபிளு" என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் 650 ரூபாய் கேபிளோடு முடிந்தது. மூன்று மணி நேர வேலை. அதில் ஒரு மணி நேரம் கேபிளுக்கு இல்லை, ஹிஞ்சுக்குப் போனது. ஹிஞ்ச் என்றால் மூடியைத் தாங்கும் கீல். அதைச் சரி பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேபிள் ஓடும் பாதை

மதர்போர்டில் இருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோவது இந்த ஒரு கேபிள்தான். கீழ்ப்பாகத்தில் கிளம்பி, ஹிஞ்சை ஒட்டிய குறுகலான சந்து வழியாக மேலே ஏறி, பேனலின் முதுகுப்பக்கம் அடிவிளிம்பில் போய்ச் சொருகிக்கொள்ளும். படத்தை அனுப்பப் பழைய லேப்டாப்களில் எல்விடிஎஸ் (LVDS) முறை. பிறகு வந்தவற்றில் இடிபி (eDP). சாதாரண முழு எச்டி திரைக்குப் பெரும்பாலும் 30 பின் கனெக்டர், டச் திரைக்கும் கேமிங் லேப்டாப்பின் வேகத் திரைக்கும் 40 பின். உள்ளே இருக்கும் வயர்கள் தலைமுடி கனம்தான். படத்துக்கான வயர்களோடு, பேனல் எலக்ட்ரானிக்ஸுக்கு 3.3 வோல்ட், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கு அதைவிட அதிகமான வோல்டேஜ் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். நிறைய மாடல்களில் வெப்கேம் வயரும் இதே கட்டில்தான்.

மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டு ஹிஞ்சுக்கிட்டே மடங்கி நிமிர்கிறது. ஹிஞ்ச் பதமாக இருந்தால் வருடக்கணக்காகத் தாங்கும். ஹிஞ்ச் இறுகிப்போனால், மூடியைத் தூக்கும் பலம் முழுக்க அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கில் இறங்கும். திருகு ஏறும் பித்தளைக் குமிழ் பெயரும், ஓரத்தில் வாய் பிளக்கும், கேபிள் அந்த இடுக்கில் நசுங்கும். இதற்கு மேல் நம் பக்கத்து வெயிலில் உள்ளே ஒட்டியிருக்கும் டேப் பசை இழந்து கழன்று, கேபிள் தன் பாதையை விட்டு நகர்ந்துவிடும். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் என்றால் சாரல் மாத ஈரம். உவரி, இடிந்தகரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று. இரண்டுமே கனெக்டர் பின்களில் களிம்பு ஏற்றும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, வெயிலில் காய்ந்து, "வேலை செய்யுதே" என்று எடுத்து வைத்த லேப்டாப் ஒன்றைப் பல மாதம் கழித்துத் திறந்தேன். டிஸ்பிளே கனெக்டரில் பச்சையாகப் பூத்திருந்தது.

திறப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது

அவசரப்பட்டுத் திருகைக் கழற்றாதீர்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் மூடி சோதனை. லேப்டாப்பை ஓட விட்டு, மூடியை மிக மெதுவாக முழுக் கோணத்துக்கும் கொண்டுபோங்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் படம் நடுங்கினால், நிறம் மாறினால், போய்ப் போய் வந்தால் கேபிள் மேல்தான் சந்தேகம். வெப்கேமையும் ஓட விட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். படம் போகும் அதே கோணத்தில் கேமராவும் துண்டித்துக்கொண்டால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

அடுத்து வீட்டு டிவி. எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, விண்டோஸ் பட்டனோடு பி எழுத்தை அழுத்தி டிவிக்குப் படத்தை அனுப்புங்கள். டிவியிலும் அதே கோடுகள் வந்தால் பிரச்சினை கிராபிக்ஸ் சிப்பில் இருக்கிறது, இந்த வழிகாட்டி உங்களுக்கு இல்லை. டிவியில் சுத்தமாக வந்தால் தொடரலாம். டிவி இல்லையா? கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் கோடு இல்லை என்றால், கோடு கணினிக்குள் இல்லை, திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோதான் இருக்கிறது.

திரை முழுக்க இருட்டாக இருந்தால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பேக்லைட் மட்டும் இல்லை. அது கேபிளாகவும் இருக்கலாம், போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸாகவும் இருக்கலாம்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. ஆஃப் செய்துவிட்டு, டி எழுத்தை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தட்டினால் திரை முழுக்க வெவ்வேறு நிறங்கள் மாறி மாறி வரும். அந்த நிறங்கள் சுத்தமாக வந்து, வழக்கமான படம் மட்டும் நடுங்கினால் பேனல் மேல் பழி போட முடியாது.

மூடியை எப்படி ஆட்டினாலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடு, மசி சிந்தினது போல் கறுப்புத் திட்டு, உள்ளே சிலந்தி வலை போன்ற விரிசல் எல்லாம் பேனல் கோளாறு. கேபிள் மாற்றிப் பயனில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூடியை மூடியதும் திரை அணைவதற்கு உள்ளே ஒரு காந்த சென்சார் வேலை செய்கிறது. கீபோர்டு ஓரத்தில் காந்தக் கொக்கி வைத்த போன் உறையை வைத்துவிட்டு "திரை போச்சு" என்று ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். உறையை நகர்த்தினேன், திரை வந்தது. காபி குடித்துவிட்டுப் போனார்.

என்னென்ன வேண்டும்

பிஎச்0, பிஎச்00 அளவில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். சில மாடலுக்கு ஆறு முனை கொண்ட டி5 டார்க்ஸும் (Torx) வேண்டும். நெம்புவதற்கு பிளாஸ்டிக் கிட்டார் பிக், இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டு. கத்தியும் இரும்பு ஸ்க்ரூடிரைவரும் நெம்ப எடுக்கவே கூடாது. ஒரு ட்வீசர். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் சிறிய பாட்டில், மென்மையான பல்துலக்கும் பிரஷ். சூடு தாங்கும், தேன் நிறத்தில் இருக்கும் கேப்டன் (Kapton) டேப் ஒரு சுருள். இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை வழிந்து கேபிளெல்லாம் பிசுபிசுக்கும்.

மேசை மேல் பருத்தித் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். நான் தரையில் கோரைப் பாய் விரித்து அதன் மேல் வேட்டியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன், விழுந்த திருகு ஓடாது. பாலியெஸ்டர் விரிப்பு, ரெக்ஸின் சோபா வேண்டாம், அவை நிலைமின்சாரம் ஏற்றும். ஃபேனை அணைத்துவிடுங்கள். உடம்பு வியர்க்கும்தான், ஆனால் திருகுக்குக் கீழே வைத்த காகிதம் பறக்காது. தொடங்கும் முன் ஜன்னல் கம்பியையோ பீரோவின் பெயிண்ட் இல்லாத இரும்பையோ ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கரண்டை முழுதாக வெட்டுவது

இந்த வேலையில் நான் பயப்படும் இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன் என்னுடைய சொந்த லேப்டாப்பில் இதே வேலையைச் செய்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன், ஆஃப் செய்துவிட்டேன், போதும் என்று நினைத்தேன். பேட்டரி உள்ளே இணைந்தே இருந்தது. டிஸ்பிளே கேபிளை உருவித் திரும்பக் கொஞ்சம் கோணலாகச் சொருகினேன். சத்தம் இல்லை, புகை இல்லை. மூடிப் போட்டால் திரை இருட்டு. டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறது. கோணலாக ஏறிய கனெக்டரில் பேக்லைட் வோல்டேஜ் பக்கத்துப் பின்னைத் தொட்டு, போர்டில் எள்ளளவு இருக்கும் ஃபியூஸைத் தின்றுவிட்டது. அதை மாற்ற ஒரு கடையில் 1,500 ரூபாய் கொடுத்தேன். ஃபியூஸோடு போனது என் அதிர்ஷ்டம். பேனலோ போர்டோ போயிருக்கலாம்.

அதனால், ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நிற்காமல் முழுதாக அணையும். சார்ஜரை உருவுங்கள். 2011-ல் இருந்து அரசு கொடுத்த பள்ளி, கல்லூரி லேப்டாப்களில் பழையவை, வெளியே கழற்றும் பேட்டரி கொண்டவை. தாழ்ப்பாளை நகர்த்தி எடுத்துவிட்டால் முடிந்தது. புதியவற்றில் பேட்டரி உள்ளே இருக்கும், கீழ் மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக அதன் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். திங்க்பேட் போன்ற சிலவற்றில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அமைப்புத் திரை) உள் பேட்டரியை முடக்கும் வசதி உண்டு, திறக்கும் முன் அதையும் செய்துவிடலாம். பேட்டரியைப் பிரித்த பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி கரண்ட் வடியும்.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அடி மூடி உப்பியிருக்கிறது என்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை வீட்டில் நெம்ப வேண்டாம். நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

படி 2: கீழ் மூடி

கவிழ்த்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். சில திருகுகள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பெட்டியாக வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் ஓட்டையில் முறுக்கினால் அது மறுபக்கம் கீபோர்டையோ டச்பேடையோ குத்திவிடும்.

பிறகு கார்டை விளிம்பில் செருகி மெல்ல ஓட்டுங்கள். "டக், டக்" என்று கொக்கிகள் விடும். ஒரே இடம் மட்டும் வரமாட்டேன் என்றால் இன்னும் ஒரு திருகு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், இழுக்காதீர்கள். சில மாடல்களில் அடிமூடி வராது, கீபோர்டை எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் மாடல் பெயரைப் போட்டுக் கழற்றும் வீடியோ ஒன்றை முதலிலேயே முழுதாகப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ.

திறந்ததும் பேட்டரி கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் தலையின் இரண்டு காதிலும் நகத்தைக் கொடுத்துத் தள்ளுங்கள்.

படி 3: மதர்போர்டு முனையைச் சுத்தம் செய்து திரும்பச் சொருகுவது

ஹிஞ்ச் பக்கத்தில் இருந்து கறுப்பாக, தட்டையாகவோ உருண்டையாகவோ வந்து போர்டில் சேரும் கேபிளைத் தேடுங்கள். மெல்லிய கறுப்பும் வெள்ளையுமாகப் போகும் இரண்டு ஒற்றை வயர் வைஃபை ஆன்டெனா, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஸ்பிளே கனெக்டர் மேல் டேப்போ சின்னத் தகரப் பூட்டோ இருக்கும். தகரக் கம்பி வளையம் இருந்தால் அதை முதலில் நிமிர்த்த வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். இந்தக் கனெக்டர்களில் பெரும்பாலானவை மேல்நோக்கி வராது, போர்டுக்குச் சமமாகப் பின்பக்கம் வழுக்கி வரும். மேலே நெம்பினால் போர்டோடு பெயர்ந்து வந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராகத் தள்ளுங்கள்.

எடுத்த முனையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்கள் பொன்னிறமாக, ஒரே வரிசையாக இருக்க வேண்டும். கருத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ பிரஷை ஆல்கஹாலில் நனைத்து, பின்கள் நீளும் வாக்கிலேயே மெல்லத் தேய்த்து, பத்து நிமிடம் ஆற விடுங்கள். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் ரேம் (RAM) மெமரி கார்டுக்குச் சரி, இதற்கு வேண்டாம். துகள் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

திரும்ப நேராக, சத்தமில்லாமல் ஆழமாகச் சொருகி, பூட்டி, மேலே கேப்டன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். பேட்டரியை மாட்டி, அடிமூடியைப் போடாமலே ஆன் செய்து திரை மூடியை ஆட்டிப் பாருங்கள். சாரல் ஈரத்தில் வந்த கோளாறுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், திரையைத் திறக்கவே வேண்டாம். தீரவில்லையா, பேட்டரியைத் திரும்பப் பிரித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 4: பெசலும் பேனலும்

திரையைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு பெசல் என்று பெயர். பழைய லேப்டாப்களில் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டி, அதற்கு அடியில் திருகு இருக்கும். ஊசியால் பொட்டைக் கிளப்பி, திருகைக் கழற்றி, உட்புற விளிம்பில் விரலைக் கொடுத்து வெளிப்பக்கமாக விரித்தால் கொக்கிகள் விடும். புதியவற்றில் பசை. ஹேர் டிரையரைச் சூடு குறைத்து வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டிவிட்டு கிட்டார் பிக்கை ஓட்டுங்கள். பிக்கை அரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே விடக்கூடாது, பேனலின் விளிம்பு அங்கேதான் இருக்கிறது. முகம் முழுக்கக் கண்ணாடி ஒட்டிய டச் திரை என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வீட்டு வேலை இல்லை.

பேனலைப் பழைய மாடலில் நாலு மூலைத் திருகு பிடித்திருக்கும். புதிய மாடலில் திருகே இருக்காது. முதுகுப்பக்கம் இரண்டு ஓரமும் நீளமான இழுவை டேப் ஒட்டியிருப்பார்கள், அதன் வால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலை ட்வீசரால் பிடித்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, திரைக்குச் சமமாகக் கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே வரும். அவசரப்பட்டால் அறுந்துபோகும், மிச்சத்தை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு வலது பக்கத்து டேப் பாதியில் அறுந்தது. தையல் நூலைப் பேனலுக்குப் பின்னால் கொடுத்து மெல்ல அறுத்து எடுத்தேன்.

கீபோர்டு மேல் துண்டை விரித்து, பேனலை அதன் மேல் குப்புறச் சாயுங்கள். கேபிள் இன்னும் இணைந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அடிவிளிம்பில் கனெக்டர் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டியிருக்கும். அதை ஓரத்தில் இருந்து உரித்து, கம்பி வளையம் இருந்தால் நிமிர்த்தி, கனெக்டரைப் பேனலுக்குச் சமமாக வழுக்கி எடுங்கள். இந்த முனையையும் முன்பு போலவே பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். பேனலைத் தூக்கும்போது இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடியுங்கள், நடுவில் அழுத்தினால் வெள்ளைத் திட்டு விழும்.

படி 5: கேபிளை வாசிப்பது

இப்போது கேபிள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஹிஞ்சுக்குப் பக்கத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் வழக்கமான குற்றவாளி. உறை தேய்ந்திருக்கும், தட்டையாக நசுங்கியிருக்கும், அல்லது கூர்மையாக மடிந்து அந்த மடிப்பு நிமிராமல் நிற்கும். அக்கா மகன் கேபிளில் கறுப்புத் துணிச்சுற்று கிழிந்து, உள்ளே செம்பு நிறத்தில் இரண்டு முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவனிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவன், "இம்புட்டுத்தானா மாமா?" என்றான்.

வெளிச்சுற்று மட்டும் தேய்ந்து உள் வயர்கள் முழுசாக இருந்தால் கேப்டன் டேப்பை ஒரே அடுக்காகச் சுற்றிப் பழைய பாதையிலேயே படுக்க வைக்கலாம். அது நிற்கும். உள் வயர் அறுந்திருந்தால் பற்றவைக்கலாமா என்று கேட்பார்கள். என் பதில், வேண்டாம். இந்த வயர் ஒவ்வொன்றும் நடுவே ஒரு முடி, சுற்றிலும் ஒரு கவசப் பின்னல் என்று அமைந்தது. இடிபியின் தொடக்க வேகமே ஒரு ஜோடி வயருக்கு நொடிக்கு 1.62 கிகாபிட். பற்றவைத்த குமிழ் இருந்தால் படம் வந்தாலும் பொட்டுப் பொட்டாக மின்னும். அதுவும் மடங்கும் இடத்தில் பற்றவைத்தது எத்தனை நாள் இருக்கும்? போதாக்குறைக்கு பக்கத்திலேயே பேக்லைட் வயர். மாற்றிவிடுவதே கணக்குக்கும் நல்லது.

மல்டிமீட்டர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத முறிவையும் பிடிக்கலாம். இரண்டு முனையும் கழன்றிருக்க வேண்டும். பீப் சத்தம் வரும் அளவீட்டில் வைத்து, நுனியில் தையல் ஊசி கட்டி, கனமான வயர்களை முனைக்கு முனை தொட்டுப் பாருங்கள். இன்னொருவரைக் கேபிளை மெல்ல வளைக்கச் சொல்லுங்கள். வளைக்கும்போது பீப் நின்றால் அங்கேதான் முறிவு.

படி 6: சரியான கேபிள் வாங்குவது

லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே மாடலில் டச், டச் இல்லாதது, 30 பின், 40 பின் என்று நாலு வகை கேபிள் வரும். கேபிள் மேலேயே ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். டிசி02 (DC02) என்று தொடங்கினால் காம்பல் தயாரித்தது, டிடி0 (DD0) என்றால் குவாண்டா, 450 போட்டுப் புள்ளி வைத்துத் தொடங்கினால் விஸ்ட்ரான். ஏசூஸில் 1422 என்று தொடங்கும் எண் இருக்கும். பல கம்பெனி லேப்டாப்களை இந்தத் தயாரிப்பாளர்கள்தான் செய்து தருகிறார்கள், அதனால் இந்த எண்தான் உண்மையான பெயர். அதை முழுதாகப் போட்டோ எடுத்து, ஆன்லைனிலும் அந்த எண்ணையே போட்டுத் தேடுங்கள்.

நெல்லை வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் கேட்கும்போதும் பழைய கேபிளைக் கையில் கொண்டுபோவதுதான் நல்லது. "அண்ணாச்சி, இந்த எண்ணுதான் வேணும், பின்னை எண்ணிப் பாருங்க" என்று சொன்னால் கடைக்காரரும் மறுப்பதில்லை. கையிருப்பு இல்லாவிட்டால் வெளியூரில் இருந்து வரவழைத்துத் தருவார்கள், சில நாள் ஆகும். அதுவரை டிவியில் மாட்டி ஓட்டலாம். வந்ததும் பழையதன் பக்கத்தில் நீட்டி வைத்து நீளம், கனெக்டர் திரும்பியிருக்கும் பக்கம், வெப்கேம் கிளை மூன்றையும் ஒப்பிடுங்கள். கிளை ஒரு இஞ்ச் தள்ளி இருந்தாலும் மாட்டும்போது அழுவீர்கள்.

படி 7: ஹிஞ்சைப் பார்ப்பது

புதுக் கேபிளைப் போடும் முன் இதை முடிக்க வேண்டும். ஹிஞ்ச் திருகுகளைக் கழற்றி, மூடிப் பக்கத்தை முழுதாகப் பிரித்து, ஹிஞ்சைக் கையால் மடக்கிப் பாருங்கள். பதமாக, சீராக அசைய வேண்டும். எங்கள் லேப்டாப்பில் இடது ஹிஞ்ச் கல் மாதிரி இருந்தது. முனையில் மரை (நட்) இருக்கும் வகையானால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், மடக்கிப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் இன்னொரு கால் சுற்று. அதிகம் தளர்த்தினால் திரை தலைகுப்புற விழும். மரை இல்லாத வகையில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், இருபது முறை மடக்கி நிமிர்த்தி, வழிந்ததைத் துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்து, முன்பைவிட இறுக்கிவிடும். இந்த வேலையைப் பேனலில் இருந்து நாலடி தள்ளிச் செய்யுங்கள், எண்ணெய் பட்டால் திரைக்குப் பின்னால் பரவிக் கறையாகும்.

பித்தளைக் குமிழ் பெயர்ந்திருந்தால் இரண்டு டியூபாக வரும் எபாக்சிப் பசையைக் கலந்து குமிழைச் சுற்றி வைத்து, ஒரு இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். குமிழின் ஓட்டைக்குள் பசை இறங்காமல் இருக்கத் திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்கி வைத்துவிடலாம். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இந்த இழுவைக்கு நிற்காது.

படி 8: புதுக் கேபிளைப் படுக்க வைப்பது

பழையது போன வழியே புதியது போக வேண்டும். முதலில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். பள்ளம் பள்ளமாகப் பாதை இருக்கும், அதில் கேபிளை விரலால் அமுக்கி, பழைய டேப் இருந்த இடத்தில் கேப்டன் ஒட்டுங்கள். ஹிஞ்ச் அருகே மட்டும் இழுத்துப் பிடிக்காமல் சிறு தளர்வு விடுங்கள். அதிகம் விட்டால் மூடும்போது அந்தத் தளர்வே ஹிஞ்சுக்குள் மாட்டும். ஆன்டெனா வயரும் கேபிளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது.

பேனல் முனையை முதலில் சொருகுங்கள். சொருகியதும் கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்கம் கோணல் என்றால் எடுத்துத் திரும்பப் போடுங்கள். பிறகு போர்டு முனை. பேட்டரி எல்லாவற்றுக்கும் கடைசி.

பேனலைச் சட்டத்தில் சாய்த்து வைத்து, பெசல் மாட்டாமலே ஆன் செய்யுங்கள். படம் வந்ததும் மூடியை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை முழுக் கோணத்துக்கும் ஆட்டுங்கள். வெப்கேம், பிரகாசக் கூட்டல் குறைத்தல், இரண்டையும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஆஃப் செய்து, பேட்டரியைப் பிரித்து, பேனலை ஒட்டி, பெசலை அமுக்கி, அடிமூடியைப் போட்டுத் திருகுங்கள். பேனலை ஒட்டப் புதிய இழுவை டேப் ஆன்லைனில் கிடைக்கிறது, இல்லாவிட்டால் மெல்லிய இருபக்க டேப் ஓரங்களில் மட்டும். மூடி முழுக்கப் பூட்டிய பிறகு இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள். பெசல் அழுத்தத்தில் மட்டும் கோளாறு திரும்பினால் கேபிள் எங்கோ பெசலின் கொக்கிக்கு அடியில் மாட்டியிருக்கிறது.

வராவிட்டால்

முழு இருட்டு, டார்ச்சில் படம் தெரிகிறது: பேக்லைட் ஃபியூஸ். போர்டு வேலை தெரிந்த கடை. முழு வெள்ளை: பேக்லைட் வருகிறது, படத்துக்கான வயர் சேரவில்லை. இரண்டு முனையையும் எடுத்துத் திரும்பச் சொருகுங்கள். ஒன்றுமே வரவில்லை, டிவியிலும் இல்லை: கழற்றும்போது ரேம் மெமரி கார்டு அசைந்திருக்கலாம், எடுத்துப் போடுங்கள். கேபிள் புதியது, முனைகள் நேர், டிவியில் படம் சுத்தம், ஆனாலும் கோடு: இனி பேனல்தான். அப்போது கடைக்காரர் சொன்ன ஆறாயிரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பேனலின் முதுகில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு விலை கேளுங்கள், பேரம் வேறு மாதிரி போகும்.

பழைய கேபிளை உடனே தூக்கிப் போட வேண்டாம், அதன் ஸ்டிக்கர் பின்னால் எப்போதாவது தேவைப்படும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய அல்வா டப்பாவில் மிஞ்சிய இரண்டு திருகோடு கிடக்கிறது. அந்த இரண்டும் எந்த ஓட்டைக்கு உரியவை என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது.